நாற்பது கவுளி வெற்றிலை

மலைக்கு ஒரு ராஜா, ஆற்றங்கரைக்கு ஒரு ராஜா என்று நாடெல்லாம் ராஜாக்கள் இருந்த காலம் அது. அப்போது ஒரு மலையடிவாரத்தில் சேந்தன் என்று ஒரு கொடிக்கால்காரன் இருந்தான். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அவன் மனைவி பெயர் நங்கை.

சேந்தன் நல்லவன். பொய் சொல்ல மாட்டான். பிறர் பொருளைத் தொட மாட்டான். வேலைக்கு அஞ்ச மாட்டான். ஆனால் மடியில் முடிந்த காசை மட்டும் அவிழ்க்கவே மாட்டான். அவிழ்க்க வேண்டி வந்தால் பல் பிடுங்கியவன் போல முகம் கோணிவிடும்.

அந்த வருஷம் மழை இல்லை. கிணறு வற்றிக்கொண்டே வந்தது. தினமும் தண்ணீர் விடாவிட்டால் வெற்றிலைக் கொடி பிழைக்காது. இன்னொரு கோடை வந்தால் கொடிக்கால் முழுக்கக் காய்ந்துவிடும். அதை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

இருவரும் கிணற்றை எட்டிப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தபோது, டும் டும் டும் என்று அரண்மனை முரசு கேட்டது!

"பொழிலூரில் ராஜகுமாரிக்குக் கல்யாணம்! கல்யாணத்துக்கு முந்தின நாள், பொழுது சாய்வதற்குள், ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாத முப்பது கவுளி வெற்றிலை கொண்டுவரும் கொடிக்கால்காரர் ஒவ்வொருவருக்கும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு மா நன்செய் இனாம்!"

வாய்க்கால் ஓரம்! வற்றாத தண்ணீர்! நங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அன்றே இரண்டு பேரும் கொடிக்காலில் இறங்கினார்கள். ஒரு கவுளிக்கு நூறு இலை. எண்ணி எண்ணி அடுக்கி நாற்பது கவுளி கட்டினார்கள். வாழைச் சருகில் சுற்றித் தண்ணீர் தெளித்தார்கள். அவன் தலையில் இருபது, அவள் தலையில் இருபது.

பொழிலூருக்கு இரண்டு நாள் நடை. கெடுவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பத்துக் கவுளி அதிகம், இரண்டு நாள் அதிகம். இந்தக் கணக்கை நீங்கள் மறந்துவிடாதீர்கள். சேந்தன் மறந்துவிட்டான்.

முதல் நாள் நடையில் இலை வாடவில்லை, ஒன்றும் கழியவில்லை. மறுநாள் காலை ஆறு வந்தது. பரிசல்காரன் கரையில் நின்றான்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு காசு. ஏறுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள அக்கரையில விட்டுடறேன்."

"ஒரு காசா! மேற்கே போனா முழங்கால் தண்ணியில நடந்தே தாண்டலாம்" என்றான் சேந்தன்.

"அதுக்கு ஒரு பகல் ஆகுமே" என்றாள் நங்கை.

"பகலை என்ன காசு கொடுத்தா வாங்கினோம்? அது தானா விடியுது, தானா அடையுது. காசு தானா வருமா?"

நடந்தார்கள். மேற்கே நடந்து, ஆற்றைத் தாண்டி, மறுபடி கிழக்கே நடந்ததில் ஒரு பகல் முழுக்கப் போயிற்று. வழியில் தலையிலிருந்த வெற்றிலைக் கட்டை இறக்கினார்கள்.

வெற்றிலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கே கட்டை இறக்கினாலும் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புள்ளி விழுந்த இலையைப் பொறுக்கி எறிய வேண்டும். எறியாவிட்டால் ஓர் இலையின் அழுகல் பக்கத்து இலைக்குத் தொற்றிவிடும். ஆகையால் இறக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கழியும்.

நான்கு கவுளி கழிந்தது. மிச்சம் முப்பத்தாறு.

கழித்த இலையை வழியோரம் எறிந்தார்கள். எங்கிருந்தோ ஓர் ஆடு ஓடிவந்து கறுக் கறுக் என்று மென்றது. அதன் பின்னால் இன்னும் நாலைந்து வந்தன.

அடுத்த நாள் சுங்கச் சாவடி வந்தது. சாவடியைத் தாண்டினால் நேர்ச் சாலை.

"ரெண்டு சுமைக்கும் சேர்த்துச் சுங்கம் ஒரு காசு" என்றான் சாவடிக்காரன்.

சேந்தன் பக்கத்திலிருந்த மலையைப் பார்த்தான். மலையைச் சுற்றி ஓர் ஒற்றையடிப் பாதை போனது. அதற்குச் சுங்கம் இல்லை.

"என்னங்க, வேண்டாங்க. இன்னொரு பகல் போயிடும்."

"போனா நாளைக்கு வேற பகல் வருது. நீ வா."

சுற்றினார்கள். முள் குத்தியது. உச்சி வெயில் சுட்டது. சுனை வறண்டு கிடந்ததால் தெளிக்கத் தண்ணீரும் கிடைக்கவில்லை. ஆடுகள் மட்டும் விடாமல் பின்னால் வந்தன. அவற்றின் பின்னால் கோலும் கையுமாக ஆட்டுக்காரி ஒருத்தி வந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் கட்டை இறக்கினார்கள். ஐந்து கவுளி கழிந்தது. மிச்சம் முப்பத்தொன்று.

ஆடுகள் கூட்டமாகப் பாய்ந்தன. ஆட்டுக்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அண்ணே, உங்க புண்ணியத்துல என் ஆடெல்லாம் ராஜா வீட்டு மாப்பிள்ளை மாதிரி வெத்தலை மென்னுக்கிட்டு நிக்குது! அடுத்த வாரமும் இந்தப் பக்கந்தானே வருவீங்க?"

சேந்தன் மடியைத் தடவிப் பார்த்தான். கொண்டுவந்த ஐந்து காசும் அப்படியே இருந்தது. அவன் மனம் குளிர்ந்தது.

நான்காம் நாள் உச்சிப்பொழுது. அன்றுதான் கெடு! ஆலமரத்தடியில் ஓர் இரட்டை மாட்டு வண்டி புறப்பட நின்றது. ஆட்டுக்காரியும் ஆடுகளோடு அதுவரை பின்னாலேயே வந்திருந்தாள்.

"பொழிலூர்! பொழிலூர்! பொழுது சாயறதுக்குள்ள கோட்டை வாசல்! ரெண்டு ஆளுக்கும் சுமைக்கும் சேர்த்து மூணு காசு!"

"மூணு காசா!" சேந்தன் ஓரடி பின்வாங்கினான். "ஓட்டமும் நடையுமாப் போனா நாமே போய்ச் சேர்ந்துடலாம், நங்கை. நடுவுல ஒரே ஒரு தடவை இறக்கிக்கலாம்."

ஒரே ஒரு தடவை இறக்கினால் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள். மிச்சம் முப்பத்தொன்றுதான். ஒரு கவுளிக்கு மேல் கழிந்தால் நிலம் போயிற்று. கொடிக்காலும் போயிற்று.

வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். வண்டி நகர்ந்தது.

நங்கை கூச்சல் போடவில்லை. அழவில்லை. வழியையும் மறிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன்னுடைய ஒரே காசை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க, ஒரு காசு."

"எதுக்கு?"

"உங்களுக்குக் கூலி. இன்னிக்கு ஒரு பகல் எனக்கு ஆளா இருங்க. இந்தச் சுமையைத் தலையில வச்சுக்கிட்டு, வந்த வழியே மலையைச் சுத்திக் கொண்டு போய் வைக்கணும்."

சேந்தனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு காசுக்கு ஒரு பகலா? இந்த வெயில்ல, இந்த முள்ளுல? என்னை என்னன்னு நினைச்சே? ஒரு காசுக்கு ஒரு கழுதைகூட வராது!"

"நேத்து வந்துச்சே!" என்றாள் நங்கை.

ஆட்டுக்காரி கோலைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சேந்தன் விரல் விட்டு எண்ணினான். முந்தாநாள் ஒரு பகல், ஒரு காசு. நேற்று ஒரு பகல், ஒரு காசு. யார் கேட்டாலும் அந்தக் கூலிக்கு அவன் போயிருக்க மாட்டான். தனக்குத் தானே மட்டும் போயிருக்கிறான்! அவன் சூரியனைப் பார்த்தான். அது உச்சியிலிருந்து சரிய ஆரம்பித்திருந்தது.

"ஐயோ, வண்டி!"

ஓடினான் பாருங்கள்! தலையில் கட்டு குதிக்க, ஒரு கை கட்டைப் பிடிக்க, இன்னொரு கை மடியை அவிழ்க்க, முடிச்சு அவிழாமல் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே ஓடினான். பின்னால் நங்கை ஓடினாள். அவள் பின்னால், இன்னொரு விருந்து என்று நினைத்து, ஆடுகளும் ஓடின.

"வண்டி! ஏ வண்டிக்காரரே! நிறுத்துங்க! மூணு காசு! இந்தா மூணு காசு!"

"பேரம் பேச மாட்டீங்களே?" என்றான் வண்டிக்காரன்.

"பேச நேரமில்லப்பா! ஓட்டு!"

வண்டி பறந்தது. கட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள். இறக்கவே இல்லை. சூரியன் பனை உயரத்துக்கு இறங்கியபோது கோட்டை தெரிந்தது. தென்னை உயரத்துக்கு இறங்கியபோது வாசலுக்குள் நுழைந்தார்கள். கூரை உயரத்துக்கு இறங்கியபோது அரண்மனை முற்றத்தில் குதித்தார்கள்.

வெற்றிலை பார்க்கும் அதிகாரி பாயில் உட்கார்ந்திருந்தார். சாயங்கால முரசை அடிக்க ஆள் கோலை ஓங்கிக்கொண்டு நின்றான்.

"ஐயா, எண்ணுங்க!"

அதிகாரி எண்ணினார். இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புள்ளி இருந்ததை இடப்பக்கம் எறிந்தார். கூட்டம் கூடிவிட்டது. பத்துக் கவுளி! கூட்டம் ஓவென்றது. இருபது கவுளி! நங்கை கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தொன்பது கவுளி! இடப்பக்கக் குவியலும் வளர்ந்துகொண்டே வந்தது. சேந்தன் அந்தக் குவியலையே எட்டி எட்டிப் பார்த்தான்.

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு!

"முப்பது கவுளி!" என்றார் அதிகாரி. கட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தார். "மேலே இரண்டே இரண்டு இலை."

டும்! முரசு விழுந்தது. பொழுதும் சாய்ந்தது.

வாய்க்கால் ஓரத்து நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த மாதமே கொடி நட்டார்கள். கொடி படர்ந்து நிழல் கட்டியது.

சேந்தன் அதற்குப் பிறகும் சிக்கனமாகத்தான் இருந்தான். வீண் செலவு ஒரு காசு செய்ததில்லை. ஆனால் மடியை இறுக்கும் முன் ஒரு தரம் நிமிர்ந்து சூரியனைப் பார்த்துக்கொள்வான்.

ஒரு காசை மிச்சம் பிடிக்கும் முன், அதற்காக நாம் கொடுக்கப்போகும் பொழுது அந்தக் காசைவிட விலை உயர்ந்ததா என்று எண்ணிப் பார்ப்பதே உண்மையான சிக்கனம்.