இறங்க வைக்கும் சொல்

"டீச்சர், இன்சென்டிவுக்கு ரஷ்ய மொழியில எந்தச் சொல்லைப் போடணும்?"

டீச்சர் வீட்டு வாசலில் நின்றபடி கேட்டார் சூசைராயன். துறைமுகத்தில் ரஷ்ய மாலுமிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் அவர். அவருக்கு ரஷ்ய மொழி கற்றுக்கொடுத்த மெஹருன்னிசா, வயதில் அவரைவிடச் சின்னவர்.

"ஸ்டிமுல்னு ஒண்ணு இருக்கே."

"அது மாட்டைக் குத்துற தார்க்குச்சியிலேர்ந்து வந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ பபுஷ்தேனியே."

"அது தூங்குறவனைத் தட்டி எழுப்புற சொல்லு. அவங்க யாரும் தூங்கலை டீச்சர். பயந்து கிடக்காங்க."

"என்ன பயம்?"

கப்பலின் அடிக்கிடங்கில் விஷவாயு. காலையில் கழுவ இறங்கிய மாலுமி பிணமாகத்தான் மேலே வந்தான். மற்றவர்கள் இறங்க மறுக்கிறார்கள். இறங்குகிறவனுக்கு உடனே ஊருக்குப் போக விடுப்பாம்; அதுதான் இன்சென்டிவ். 'அவங்க மனசு அசையற மாதிரி சொல்லு. முடியலைன்னா நாளைக்கு வராதே' என்று ரஷ்ய மொழி தெரியாத கப்பல் அதிகாரி சூசைராயனை விரட்டியிருக்கிறார்.

மெஹருன்னிசா செருப்பை மாட்டினார்.

"வாங்க, போவோம்."

கிடங்கின் வாயிலிருந்து அழுகிய நாற்றம் வந்தது. இரும்பு ஏணி நாலைந்து படிக்குக் கீழே இருட்டில் மறைந்தது. மாலுமிகள் ஒதுங்கி நின்றார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"இறங்குங்க," என்றார் மெஹருன்னிசா.

"நானா?"

"நீங்க இறங்க எந்தச் சொல் வேணும்? ஸ்டிமுலா, பபுஷ்தேனியேவா?"

சூசைராயன் கம்பியைப் பிடித்தார். கம்பி சில்லிட்டது. கீழே எட்டிப் பார்க்கக்கூட அவரால் முடியவில்லை.

"நான் மாட்டேன் டீச்சர்."

"அப்போ தள்ளுங்க."

மெஹருன்னிசா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். அடுத்த படியிலும் வைத்தார். அவர் இடுப்புவரை இருட்டு ஏறியது.

"ஐயோ, இறங்காதீங்க!"

சூசைராயன் குப்புற விழுந்து அவர் மணிக்கட்டைப் பற்றினார். இரண்டு கையாலும் இழுத்து மேலே போட்டார். இருவருக்கும் மூச்சு இரைத்தது.

மெஹருன்னிசா இருமி முடித்தார். மாலுமிகள் பக்கம் தலையசைத்தார்.

"இப்போ கத்தினீங்களே, அதை அவங்க மொழியில சொல்லுங்க."

சூசைராயன் எழுந்தார். மாலுமிகளைப் பார்த்து அந்த ஒரு சொல்லை ரஷ்ய மொழியில் சொன்னார். மறுபடியும், உரக்கச் சொன்னார்.

அவர்கள் ஒவ்வொருவராகக் கிடங்கை விட்டு விலகி நடந்தார்கள்.

அதிகாரி பாய்ந்து வந்தார்.

"என்னய்யா சொன்னே அவங்ககிட்ட?"

"எனக்கு வந்த சொல்லைச் சொன்னேன் சார்."