இரண்டு நாள் இடப்பக்கம்

"டீச்சர், இந்தக் கோட்டை ரெண்டு நாள் இடப்பக்கம் தள்ளணும்."

டியூஷன் முடிந்து பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். சூசைமாணிக்கம் மட்டும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளை மேசைமேல் விரித்தார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. காரைக்குடியில் ஒரு பஸ் பட்டறையில் மெக்கானிக். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது.

ஐந்து மாதத்துக்கு முன் மாடிப்படி ஏறி வந்து, "எனக்கு கிராஃப் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டபோது உமையாள் டீச்சர் காரணம் கேட்கவில்லை. அவளுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். அவளிடம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, புள்ளி வைப்பதிலிருந்து ஆரம்பித்தார்.

இன்றைய பாடம், வரைபடத்தை நகர்த்துவது. எக்ஸ் இருக்கும் இடத்தில் எக்ஸ் கூட்டல் இரண்டு என்று போட்டால் கோடு இரண்டு கட்டம் இடப்பக்கம் போகும் என்று அவள் சொன்னதும், அவர் பேனாவை மூடிவிட்டார்.

இதற்காகத்தான் அவர் வந்திருந்தார்.

உமையாள் தாளைப் பார்த்தாள். கீழே நாட்கள், ஒன்று முதல் ஒன்பது வரை. பக்கத்தில் காய்ச்சலின் அளவு. கோடு ஏறி, நின்று, எட்டில் சட்டென்று இறங்கி, ஒன்பதில் முடிந்திருந்தது.

"யாரு?"

"என் மக, ரெஜினா. பிளஸ் டூ படிச்சா. முதல் நாலு நாள் வீட்ல நான் பாத்து வச்சது. மிச்சம் ஆஸ்பத்திரி அட்டையிலேருந்து எழுதுனது. ஒன்பதாம் நாள் போயிட்டா."

ஐந்தாம் நாளைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"அன்னைக்குத்தான் சேர்த்தேன். அதுவரைக்கும் மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டேன். மூணாம் நாளே கூட்டிட்டுப் போங்கன்னு அவ அம்மா சொன்னா. இப்ப என்கூடப் பேசுறதில்ல. சோறு வைப்பா. பேசமாட்டா."

அவர் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"மூணாம் நாளே சேர்த்திருந்தா கோடு எப்படிப் போயிருக்கும்? அதைப் போட்டுக் காட்டுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அது வேற வரைபடம்யா. அதுல ஒரு புள்ளிகூட நம்மகிட்ட இல்ல."

"நகர்த்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நகர்த்தலாம்."

அவள் டிரேஸ் பேப்பரை எடுத்து, கோட்டை அப்படியே அதில் வரைந்தாள். சிவப்பு வட்டத்தையும் வரைந்தாள். வேறொரு கட்டத்தாளில் நாட்களை எழுதி, டிரேஸ் பேப்பரை அதன்மேல் வைத்து, இரண்டு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினாள்.

வட்டம் மூன்றாம் நாளில் வந்து நின்றது.

சூசைமாணிக்கம் அதையே பார்த்தார். மகள் போனதிலிருந்து இன்றுதான் அவருக்கு மூச்சு முழுதாக வந்தது.

"இதான் டீச்சர். இதேதான்."

உமையாள் கோட்டின் கடைசிப் புள்ளியில் விரலை வைத்தாள்.

"இது எங்க வந்திருக்கு?"

அவர் குனிந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஏழு."

"ம்."

"அது வேணாம். கடைசி அங்கயே இருக்கட்டும். வட்டத்தை மட்டும் தள்ளுங்க."

"ஒரு புள்ளியை மட்டும் தள்ள முடியாதுய்யா. தள்ளினா எல்லாமே வரும்."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏழுக்கு அடுத்த கட்டத்தைக் காட்டினாள். அது வெறுமையாக இருந்தது.

"எட்டாம் நாள் என்ன நடந்துச்சு?"

அவர் அந்த வெறுங்கட்டத்தைப் பார்த்தார்.

"காய்ச்சல் விட்டிருந்துச்சு. எந்திரிச்சு உக்காந்தா. தலை சிக்கா இருக்கு, பின்னிவிடுப்பான்னா. எனக்கு எங்க தெரியும் அதெல்லாம்? ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் எலிவாலு கணக்கா... செல்போன்ல பாத்துட்டு சிரிச்சா டீச்சர். பக்கத்துக் கட்டில்காரங்கல்லாம் திரும்பிப் பாக்குற மாதிரி சிரிச்சா."

உமையாள் கையை எடுத்துக்கொண்டாள்.

கோடு ஏழில் முடிந்து கிடந்தது. அதற்கப்புறம் வெறும் கட்டங்கள்.

சூசைமாணிக்கம் தன் விரலை டிரேஸ் பேப்பரின்மேல் வைத்தார். வலப்பக்கமாக ஒரு கட்டம், இன்னும் ஒரு கட்டம் தள்ளி, கடைசிப் புள்ளியை ஒன்பதில் கொண்டுபோய் நிறுத்தினார்.