தலைமாட்டுக் குழி

வேதமாணிக்கம் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மனைவி போன பிறகு நவமணி அக்காவின் ஜெப வீட்டில் சீடராகச் சேர்ந்தவர். அக்கா அவரைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் அந்தக் கடற்கரை ஊரில் எல்லாருக்கும் அவள் அக்கா.

அன்று காலையில் தூறல் விடவே இல்லை. நனைந்த தலையோடு வந்து நின்றவர், வழக்கமாக வணக்கத்துக்குச் சொல்லும் தோத்திரம்கூடச் சொல்லவில்லை.

"ஒரே ஆண்டவர், ஒரே வேதம். பெறகு ஏன் அக்கா நமக்குள்ள ஒத்துமை இல்ல?"

"யாருக்குள்ள சார்?"

"சபைகளுக்குள்ளதான்."

அக்கா தலை துவட்ட ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"எனக்கும் என் தம்பிக்கும்" என்றார், குரல் இறங்கி.

தம்பி யேசுவடியான் சில வருடங்களுக்கு முன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து வேறு சபைக்குப் போனவன். இருவரும் வாசிப்பது ஒரே வேதாகமம். அடிக்கோடு போடுகிற இடம்தான் வேறு. அதற்கே ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. இந்த மழைக்காலத் தொடக்கத்தில் அவர்களைப் பெற்றவள் அன்னபாக்கியம் இறந்தாள். "சண்டை போடாம என்னைய அடக்கம் பண்ணுங்கடா" என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டது. பாவம், அதற்கு மேல் அவள் எதையும் ஆசைப்பட்டதில்லை.

அடக்கம் ஒழுங்காகத்தான் நடந்தது. வம்பு பிறகு வந்தது. வேதமாணிக்கம் தாயின் தலைமாட்டில் மரச்சிலுவை நட்டார். அது விக்கிரகம் என்று தம்பி பிடுங்கி எறிந்தான். இவர் மறுபடி நட்டார். அவன் மறுபடி பிடுங்கினான்.

"ஒவ்வொரு தடவையும் மம்பட்டியால இன்னும் ஆழமாத் தோண்டித்தான் நடுதேன் அக்கா. அவனும் மம்பட்டியோட வந்து தோண்டி எடுத்துருதான். இப்ப கல்லுலயே அடிக்கச் சொல்லிட்டேன். சிமெண்டு போட்டு நிறுத்தப்போறேன். பிடுங்கட்டும், பாப்போம். நீங்க வந்து ஜெபம் பண்ணிக் குடுக்கணும்."

"ஒங்களுக்கு ஒத்துமை வேணுமா, சிலுவை நிக்கணுமா?"

"சத்தியம் நிக்கணும். ஒத்துமை தானா வரும்."

"தம்பி என்ன சொல்லுதாரு?"

"அவனும் இதையேதான் சொல்லுதான்" என்றார் வேதமாணிக்கம் எரிச்சலோடு.

அக்கா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "வாங்க, கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம்."

அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. அன்னபாக்கியத்தின் கல்லறை மேடு மழையில் கரைந்து கிடந்தது. தலைமாட்டில் ஒரு குழி. அதில் செம்மண் தண்ணீர் தேங்கி நின்றது.

"உள்ள கையை விட்டுப் பாருங்க சார்."

அஸ்திவாரத்துக்கு ஆழம் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மண்டியிட்டுக் கையை விட்டார். முழங்கை மறைந்தது. தோளும் நனைந்தது. அதற்குப் பிறகு ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

பலகை. அதன் விளிம்பில் ஓர் ஆணி.

அடக்கத்தன்று ஊற்று பொங்கிவிட்டதால் கல்லறைக் குழியை ஆழமாக வெட்ட முடியாமல் போனது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தாயின் பெட்டியைத்தான் தொட்டுக்கொண்டிருந்தார்.

கையை உருவிக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடமே பயந்து நடுங்கிய மனிதர், வாய்விட்டு அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

அக்கா அவரைத் தேற்றவில்லை. குனிந்து, ஈர மண்ணை இரண்டு கையாலும் வாரிக் குழிக்குள் போட ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் நட்டதுக்கு இவ்வளவு ஆழம் வராது. இது அவன் தோண்டினது. அவன் தோண்டினதுதான?"

அக்கா மண் வாருவதை நிறுத்தவில்லை.

"அம்மாவுக்குக் கேட்டிருந்தா, மம்பட்டிச் சத்தம்தான் சார் கேட்டிருக்கும். அது எந்தப் பிள்ளைன்னு அவுங்களுக்கு எப்படித் தெரியும்?"