நிலவறையில் வேங்கன்

நாச்சிமுத்து வக்கீலுக்கு மூன்று வருடமாக இன்னொரு பெயர் இருந்தது. கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையின் மாடி அறைக்குள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நுழைந்தால் அவர் வேங்கன். படையை விட்டு ஓடி வந்தவன், எல்லை தாண்டி உப்புக் கடத்துகிறவன். நல்லவன் என்று சொல்ல வாய் வராது, கெட்டவன் என்று ஒதுக்கவும் மனசு வராது.

அங்கே நடந்தது பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு. ஆளுக்கு ஒரு பாத்திரம். அதன் பலம் பலவீனமெல்லாம் ஒரு தாளில் இருக்கும். மற்றபடி அந்தக் கற்பனை நாட்டின் மழை, பேய், அரசன், பிச்சைக்காரன் எல்லாம் கதையை நடத்துகிறவர் பொறுப்பு. நடத்தியவர் பூங்கொடி, கால்நடை மருத்துவர், நாச்சிமுத்துவைவிட வயதில் நன்றாகவே இளையவர். முதலில் கிண்டலுக்குத்தான் அவரை ஆசான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளாக நாளாகக் கிண்டல் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நாச்சிமுத்துவை ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது.

"ஆசான், நல்லவனை ஆடறது சுலபம். கெட்டவனை ஆடறது அதைவிடச் சுலபம். ரெண்டுங்கெட்டான் ஒருத்தனை எப்படிங்க சரியா ஆடறது?"

"ஆடுங்க, பாக்கலாம்," என்பார் ஆசான். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான்.

அப்படி ஒரு ஞாயிறு, கதையில் சாம்பல் படை ஊருக்குள் புகுந்தது. அந்தப் படைக்குக் கண் கிடையாது. காது மட்டும்தான். வேங்கனும் கூட்டாளிகளும் ஊர்ச்சனங்களோடு ஒரு செக்கு ஆலையின் நிலவறைக்குள் ஒளிந்திருந்தார்கள். விளக்கைக் குறைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சனத்தில் புத்தி பேதலித்த கிழவர் ஒருவர். என்றைக்கோ செத்துப்போன மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"தலைக்கு மேல பலகை கிறீச்சுங்குது," என்றார் ஆசான். "படை ஆலைக்குள்ள வந்துருச்சு. கிழவர் மறுபடியும் வாயைத் தொறக்கறார்."

நாச்சிமுத்து யோசிக்கவே இல்லை. "வேங்கன் அவரோட வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தறான். மூச்சு அடங்கற வரைக்கும். சரி, ஆச்சு. படை போயிருச்சுங்களா?"

கேட்டுக்கொண்டே ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

மேசையில் ஒருவர் விசில் அடித்தார். "வக்கீலய்யாவுக்குக் கல்நெஞ்சுங்க," என்று இன்னொருவர் முதுகில் தட்டினார். நாச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஆசான் கையை நீட்டினார்.

அந்த மேசையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆசான் கை நீட்டினால் பாத்திரத்தின் தாளைக் கொடுத்துவிட வேண்டும். அன்றோடு அந்தப் பாத்திரம் ஆசானுடையது. வில்லனாகவோ வழிப்போக்கனாகவோ கதைக்குள் அலையும். ஆடியவர் வேறு ஒருவனைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நாச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று. "ஏனுங்க? படை கீழ இறங்கியிருந்தா அத்தனை சனமும் செத்திருக்கும்."

"செத்திருக்கும்."

"அப்புறம் நான் பண்ணதுல என்னங்க தப்பு?"

"தப்புன்னு நான் சொல்லலைங்களே."

நீட்டிய கை அப்படியே இருந்தது. நாச்சிமுத்து எதிரே உட்கார்ந்திருந்த ரெஜினாவைக் காட்டினார்.

"போன மழைக்காலத்துல இவங்க சொந்த அண்ணனையே குத்தினாங்க. இவங்க தாளை நீங்க வாங்கலை. இவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

கோர்ட்டில் இப்படி ஒரு முன்தீர்ப்பை எடுத்துப் போட்டால் எதிர்த்தரப்பு வாயடைத்துப்போகும். இங்கே யாரும் அசையவில்லை. கதையில் அண்ணனைக் குத்திய அன்றைக்கு ரெஜினா எழுந்துபோய்ப் படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அது மேசையில் எல்லோருக்கும் தெரியும், நாச்சிமுத்துவுக்கும் தெரியும்.

"அடுத்த ஞாயிறு மத்தவங்களுக்கு முன்னால வாங்க," என்றார் ஆசான். "தாளைத் திருப்பி வாங்கிக்க முடியுதான்னு பாப்போம்."

வேங்கனைக் கொடுத்துவிட்டு நாச்சிமுத்து வீட்டுக்குப் போனார். ஒரு தாளுக்காக நரைத்த தலை மனிதருக்குச் சோறு இறங்கவில்லை என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கோர்ட்டில் கட்சிக்காரர் சொல்வதைப் பேசுகிறவர், வீட்டில் எல்லோர் சொல்வதற்கும் தலையாட்டுகிறவர், வாரத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் தன் இஷ்டத்துக்கு வாழ்ந்தார். வேங்கன் போனால் அதுவும் போயிற்று. வாரம் முழுக்க ஸ்கூட்டரில் போகும்போதும் வரும்போதும் வாதத்தைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு சொன்னபடி முன்னதாகவே வந்தார். அறையில் ஆசான் மட்டும் இருந்தார். வேங்கனின் தாள் அவர் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"ஆசான், நான் மூணு விஷயம் சொல்லணும்."

"அப்புறம் சொல்லுங்க. இப்ப உட்காருங்க. அதே நிலவறை, அதே நேரம். ஆனா நீங்க வேங்கன் இல்லை. அந்தக் கிழவரோட மகன்."

"அவருக்கு மகன் இருந்தானுங்களா?"

"பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தான். நீங்க பாக்கலை."

"பேரு?"

"நீங்களே வைங்க."

"செம்பான்," என்றார், வாய்க்கு வந்ததை.

ஆசான் தோளைக் குறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். "மயிலை. ஏ மயிலை. செவலையைக் கூட்டிக்கிட்டு வாடா சாமி. பொழுது ஏறுது பாரு."

குரல் ஒன்றும் கிழவர் குரலாக மாறிவிடவில்லை. ஆனாலும் நாச்சிமுத்து தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பா, மெதுவாப் பேசுங்க."

"தண்ணி காட்டினயா?"

"காட்டியாச்சுங்கப்பா."

"ரெண்டுத்துக்குமா?"

"ரெண்டுத்துக்கும். வயிறு முட்டக் குடிச்சிருச்சு."

கிழவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம் பலமாக, "மயிலை."

ஆசான் செருப்பால் தரையைத் தேய்த்தார். "மேல பலகைச் சத்தம். வந்துட்டாங்க."

"துண்டைச் சுருட்டி அவர் வாயில வைக்கறேன்."

"துப்பிட்டார். பயந்துபோய் உங்க கையைப் பிடிச்சுக்கறார்."

"வெளிய தூக்கிட்டுப் போயிடறேன்."

"இருக்கறது ஒரே ஏணி. அது அவங்ககிட்டத்தான் போகுது."

நாச்சிமுத்து பகடையை எடுத்தார். "உருட்டட்டுங்களா? சமாதானப்படுத்தறதுக்கு."

"உருட்டுங்க."

உருட்டினார். நன்றாகவே விழுந்தது. இத்தனை நல்ல எண் அவருக்கு மாதக்கணக்கில் விழுந்ததில்லை. பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார்.

ஆசான் பகடையைப் பார்த்தார். "சமாதானம் ஆயிட்டார். புத்தி தெளியுது. உங்க முகத்தைத் தடவிப் பாக்கறார். 'செம்பா, நீயாடா? எப்படா வந்தே?'ங்கறார். சந்தோஷத்துல, சத்தமா."

நாச்சிமுத்து மறுபடி பகடையை எடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏணியோட மேல்படியில ஒரு கால் வந்து நிக்குது," என்றார் ஆசான். குரலை உயர்த்தவே இல்லை. "வேங்கன் உங்களுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கான். அவன் கை கிழவர் முகத்துக்கிட்ட வந்து நிக்குது. தொடலை. உங்களைப் பாக்கறான். நீங்க தலையை ஆட்டினாப் போதும். கிழவர் அடுத்த வார்த்தைக்கு வாயைத் தொறக்கறார். என்ன பண்றீங்க?"

நாச்சிமுத்து தலையை ஆட்டவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சத்தம் வந்தால் அத்தனை சனமும் சாகும் என்பது போன வாரம் போலவே இப்போதும் அவருக்குத் தெரியும். வாரம் முழுக்கத் தீட்டி வைத்த வாதமும் அதுதான். அது சரியான வாதம்தான். கழுத்துதான் அசைய மறுத்தது. அந்தக் கிழவர் தன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோலவே அவருக்கு இருந்தது, பயமாக இருந்தது.

"செம்பா?"

"இருங்க," என்றார். "ஒரு நிமிஷம் இருங்க."

ஆசான் இருந்தார். கீழே தெருவில் யாரோ பட்டறையின் ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாச்சிமுத்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். துடைத்த கையை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தபின் ஆசான் வேங்கனின் தாளை நிமிர்த்தி அவர் முன்னால் வைத்தார்.

"வேங்கனும் அன்னைக்கு உங்ககிட்ட அந்த ஒரு நிமிஷத்தைத்தாங்க கேட்டான்," என்றார். "நீங்க குடுக்கலை."