தலைமாட்டில் நின்றவர்

ரஹ்மத்துல்லா தையல்காரர். நாற்பத்தெட்டு வயது. அவருக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுத்த சகாயராணிக்கு முப்பத்தொன்று. அவர் அவளை மாஸ்டர் என்று அழைப்பார். அவள் அவரை பாய் என்பாள்.

திண்டுக்கல்லில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய உடற்பயிற்சிக்கூடம் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை பாய் பயிற்சியை முடித்துவிட்டு கடைக்குப் போகாமல் நின்றார். கழுத்தில் அளவுநாடா தொங்கியது. கடைக்குப் போகும் வழியில் வந்து போகிறவர். நாடா எப்போதும் கூடவே இருக்கும்.

"ஏழு மாசமாச்சு, மாஸ்டர். நெஞ்சு அரை அங்குலம்கூடக் கூடல."

"இப்ப எவ்வளவு?"

"வந்தன்னைக்கு முப்பத்து நாலு. இன்னைக்கும் முப்பத்து நாலு. ஊருக்கெல்லாம் நெஞ்சு அளக்குறவன் நான். என் டேப்பு பொய் சொல்லாது."

சகாயராணி பளு மாட்டும் ராடைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னபடி முட்டை சாப்பிடுறேன். ஒன்பது மணிக்குப் படுத்துடுறேன். ஒரு நாள் லீவு போட்டதில்ல. என்கூடச் சேர்ந்த காலேஜ் பையன்களுக்கெல்லாம் சட்டை பத்தல. எங்கிட்டதான் பிரிச்சுத் தைக்க வர்றானுங்க. எனக்கு மட்டும் ஏன் வரல?"

அவள் துணியை மடித்து வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில வாங்க, பாய்."

"அன்னைக்கு உங்களுக்கு மாநிலப் போட்டித் தேர்வாச்சே?"

"ஆமா. வாங்க."

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் அடுத்த ஆளுக்கு எடைப் பிளேட் எடுத்து மாட்டப் போய்விட்டாள்.

பாய்க்கு ஒரு பழைய காயம் இருந்தது. இருபத்தாறு வருடம் மெஷினில் குனிந்து தைத்ததில் முதுகு வளைந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. உடம்பை நிமிர்த்தச் சொன்னார் டாக்டர். முதலில் அவர் சேர்ந்தது வேறொரு கூடம். அங்கே ஒரு மதியம், ஆளில்லாத நேரத்தில், பெஞ்சில் மல்லாந்து படுத்து நாற்பது கிலோவை நெஞ்சுக்கு இறக்கினார். திரும்ப ஏற்ற முடியவில்லை. பிளேட்டுகள் சரிந்து விழாதபடி இரண்டு பக்கமும் லாக் போட்டிருந்தார். கத்த மூச்சு இல்லை. கூட்டிப் பெருக்க வந்த அம்மா பார்த்துக் கூச்சல் போட்டு ஆள் சேர்க்கும்வரை ராடு நெஞ்சின் மேலேயே கிடந்தது. விலா எலும்பு இரண்டில் விரிசல்.

ஒரு வருடம் கழித்துச் சகாயராணியிடம் வந்தார். வெறும் ராடிலிருந்து தொடங்கினார். அவள் தலைமாட்டில் நின்றால்தான் படுப்பார். முதல் நாலைந்து தடவை ராடு ஒழுங்காக ஏறி இறங்கும். ஆறாவது தடவை பாதி வழியில் அது மெதுவாகும்போது கத்துவார்:

"பிடிங்க, மாஸ்டர்!"

அவள் பிடிப்பாள். ஒவ்வொரு முறையும். திட்டியதில்லை. ஏன் என்று கேட்டதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் கூட்டமாக இருந்தது. மாநிலப் போட்டிக்கு அந்த எடைப் பிரிவில் மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பெண்தான் போக முடியும். சங்கத்திலிருந்து ஒரு நடுவர் வந்திருந்தார். மெலிந்த மனிதர், சிரிக்காதவர். பழனியிலிருந்து வந்த பெண் எழுபத்தேழரை கிலோ தூக்கி முடித்துவிட்டு, மணிக்கட்டுப் பட்டையைக்கூட அவிழ்க்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சகாயராணி எண்பது தூக்க வேண்டும். ஆளுக்கு மூன்று வாய்ப்பு.

முதல் வாய்ப்பில் அவள் எழுபத்தைந்தைச் சுலபமாகத் தூக்கினாள்.

இரண்டாவது, எண்பது. தலைமாட்டில் கார்மேகம் நின்றான். கூடத்திலேயே பலசாலி அவன்தான். நூற்று முப்பது தூக்குகிறவன். ராடு அவள் நெஞ்சுக்கு இறங்கியது. அசையாமல் நின்றது. நடுவர் "பிரஸ்!" என்று தூக்கச் சொன்னார். ராடு கிளம்பியது. பாதி தூரத்தில் மெதுவானது. அவள் முகம் கறுத்தது.

கார்மேகம் இரண்டு கையாலும் ராடைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

நடுவர் தலையை ஆட்டினார். "தொட்டாச்சு. செல்லாது."

"நின்னுடுச்சு, சார்! என் கண்ணால பார்த்தேன்," என்றான் கார்மேகம். அவளிடம் திரும்பினான். "நின்னுடுச்சு, மாஸ்டர். விட்டிருந்தா கழுத்துல விழுந்திருக்கும்."

சகாயராணி எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள். கார்மேகத்தை அவள் கடிந்துகொள்ளவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள்.

"பாய், இங்க வாங்க. நீங்க நில்லுங்க."

பாய் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"அவரா?" என்றான் கார்மேகம். "மாஸ்டர், அவர் முப்பத்தஞ்சு கிலோவுக்கே கத்துவாரு. எண்பது விழுந்தா அவரால என்ன பண்ண முடியும்?"

"நீ வலது பக்கம் நில்லு. இடது பக்கம் உன் தம்பி நிக்கட்டும். பாய் பிடிங்கன்னு சொன்னா ரெண்டு பேரும் பிடிங்க. அவர் சொல்லாம யாரும் தொடக்கூடாது."

"மாஸ்டர்..."

"தொடக்கூடாது."

நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "யார் வேணா நிக்கட்டும்மா. நேரம் ஓடுது."

பாய் அவள் அருகில் வந்து குனிந்தார்.

"எனக்குக் கை நடுங்குது, மாஸ்டர்."

"கை வேண்டாம். கண்ணு போதும்."

"எப்பச் சொல்லணும்?"

"பார்த்துக்கிட்டே இருங்க."

"ஏதாவது ஆயிடுச்சுன்னா? அடியில கிடந்தவன் நான். எனக்குத் தெரியும் அது."

"தெரியுங்கிறதாலதான் கூப்பிட்டேன்."

அவள் உள்ளங்கையில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துக்கொண்டு படுத்தாள்.

பாய் தலைமாட்டில் நின்றார். அந்த இடத்தில் அவர் நின்றதே இல்லை. பெஞ்சில் படுத்து மேலே பார்த்துத்தான் பழக்கம். மேலிருந்து பார்க்க எல்லாம் வேறாக இருந்தது. அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. நெற்றியில் ஒரு தழும்பு இருப்பதை இப்போதுதான் கவனித்தார். கைகளை ராடுக்கு அடியில், ஒரு அங்குலம் விட்டு, ஏந்திக்கொண்டார். விலாவில் பழைய இடம் வலிக்க ஆரம்பித்தது.

அவள் ராடை எடுத்தாள். எண்பது கிலோ அவள் முகத்துக்கு மேல் வந்து நின்றது. இறங்கியது. நெஞ்சைத் தொட்டது.



"பிரஸ்!"

ராடு நான்கு விரற்கடை சட்டென ஏறியது. பிறகு வேகம் குறைந்தது. போன முறை கார்மேகம் பிடித்த இடத்துக்கு வந்தது.

அவளுடைய இடது கை நடுங்கியது. கழுத்து நரம்பு விரலளவு புடைத்தது. பாயின் விலா எரிந்தது. அந்த மதியம் முழுவதும் அவருக்குள் திரும்பி வந்தது. நெஞ்சின் மேல் இரும்பு, பாதியில் நின்ற மூச்சு, கூரையில் சுற்றிய மின்விசிறி. அவருக்கு அழவேண்டும் போல இருந்தது.

"நின்னுடுச்சு!" என்று கார்மேகம் கத்தினான். "பாய், சொல்லுங்க!"

அவள் கண்கள் மேலே உருண்டு அவரைப் பார்த்தன. உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

அந்தப் பார்வை பாய்க்குத் தெரிந்த பார்வை. அவர் விரல்கள் தாமாக மேலே எழுந்தன. ராடுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு பொத்தான் கனம்தான் இடைவெளி.

அவள் முகத்தைப் பார்த்தால் பிடித்துவிடுவோம் என்று அவருக்குப் புரிந்தது. கண்ணை அங்கிருந்து எடுத்தார். ராடைப் பார்த்தார். ராடுக்குப் பக்கத்தில் நின்ற தாங்குகாலைப் பார்த்தார். அதில் வரிசையாகத் துளைகள் இருந்தன. ராடு ஒரு துளையைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைத் துணியில் ஒரு நூல் விலகினாலும் பிடித்துவிடுகிற கண்.

பாதி மறைந்திருந்த துளை முழுதும் மறைந்தது.

"சொல்லுங்க, பாய்! செத்துடுவாங்க!" கார்மேகத்தின் கை ராடை நோக்கி நீண்டது.

"தொடாதே!"

அது பாயின் குரல்தான். அவ்வளவு சத்தமாக அவர் அந்தக் கூடத்தில் பேசியதில்லை. உதவி கேட்டுக் கத்தியதோடு சரி.

மறைந்த துளையின் கீழ் விளிம்பில் பிறை போல வெளிச்சம் தெரிந்தது. பிறை வளர்ந்தது. துளை முழுவதும் வெளியே வந்தது. ராடு அடுத்த துளைக்குப் போனது. அதற்குப் பிறகு அவள் முழங்கைகள் நிமிர்ந்தன. ராடு மேலே போய் நின்றது.

நடுவர் இரண்டு விநாடி பார்த்தார். இரண்டு நிமிடம் போல இருந்தது.

"ரேக்!"

அப்போதுதான் பாய் ராடைத் தொட்டார். மூன்று பேருமாகத் தாங்கியில் வைத்தார்கள்.

நடுவர் தாளில் எழுதிக்கொண்டு, "செல்லும்," என்றார்.

கூட்டம் கத்தியது. பழனிப் பெண் எழுந்து வந்து சகாயராணியின் கையைப் பற்றிக் குலுக்கினாள். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

கார்மேகத்துக்குக் கோபம் அடங்கவில்லை. "நல்ல நேரம், தப்பிச்சாங்க," என்றான் பாயிடம். "உங்களுக்குப் பைத்தியமா? அப்படிப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

 பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நடுவருக்கு டீ வாங்கிக் கொடுக்க எல்லோரும் கீழே போனார்கள்.

கூடத்தில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். சகாயராணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டுப் பட்டையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள்.

"நடுவுல நின்னுடுச்சில்ல, பாய்?"

"நிக்கல."

"எனக்கு நின்ன மாதிரிதான் இருந்துச்சு. உசுரே போயிடுச்சு. உங்களைக் கூப்பிடத்தான் வாயத் திறந்தேன்."

"பார்த்தேன். ஆனா நிக்கல, மாஸ்டர். நூல் நூலா ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. முகத்தைப் பார்த்தா நின்ன மாதிரி இருக்கும். ராடைப் பார்த்தா தெரியும். அடியில படுத்துக் கிடக்குறவங்களுக்கு அது எப்படித்..."

பாய் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார்.

அவள் இன்னொரு கையின் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அவர் கேட்டார்.

"நான் கூப்பிடுறப்போ?"

"ஒரு நாளும் நின்னதில்ல, பாய்."

பாயின் முகம் சிவந்தது. ஏழு மாதம். வாரத்துக்கு மூன்று நாள். ஒரு நாளைக்கு நான்கு செட். அதே முப்பத்து நாலு அங்குலம். அவர் எழுந்து நின்றார். குரல் உயர்ந்தது.

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் பிடிச்சீங்க?"

சகாயராணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்க கூப்பிட்டீங்க."