மரங்கொத்தியும் ஏரிக்காரர்களின் பயமும்

சுள்ளிமலைக் காட்டில் கொண்டையன் என்றொரு மரங்கொத்தி இருந்தது. கேள்வி கேட்பதில் அதற்கு அலாதி ஆசை.

ஒரு வருடம் அங்கே சிறுத்தைத் தொல்லை அதிகமானது. காவலுக்கு இருந்தவையோ பன்னிரண்டு காட்டெருமைகள் மட்டும்.

"யாருக்குப் பயம் அதிகமோ அங்கே காவல் போடலாம். ஆனால் நேராகக் கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்களே!" என்று கவலைப்பட்டது தலைவி யானை பெரியநாயகி.

"சுற்றி வளைத்துக் கேட்போம், அம்மா!" என்றது கொண்டையன்.

நான்கு கேள்விகள் தயாரித்தது. சத்தம் கேட்டால் ஓடுவாயா? இரவில் விழித்திருப்பாயா? தண்ணீருக்குத் தனியாகப் போகத் தயங்குவாயா? அரை வயிறாகத்தான் சாப்பிடுகிறாயா? மான், முயல், மந்தி என்று இருநூறு பேரிடம் கேட்டது. விழுந்து கிடந்த வேங்கை மரத்தில் ஆளுக்கு ஒரு வரிசை. 'ஆம்' என்றால் ஒரு துளை போட்டது.

பிறகு ஒரு வாரம் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஓடியவர்களே இரவில் விழித்திருந்தார்கள். தண்ணீருக்குப் போகத் தயங்கியவர்களும் அவர்களே. மூன்று துளைகளும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தன. நான்காவது மட்டும் ஒட்டாமல் தனியாக நின்றது.

"மூன்றுக்கும் அடியில் இருப்பது பயம்! நான்காவது வெறும் பசி!" என்று கூவியது கொண்டையன்.

ஓட்டம்தான் மற்ற இரண்டோடும் இறுக்கமாகச் சேர்ந்திருந்தது. அதனால் அதற்கு மூன்று மதிப்பெண். விழிப்புக்கு இரண்டு. தயக்கத்துக்கு ஒன்று. பசிக்குப் பூஜ்யம். மதிப்பெண் கூடிய இடங்களில் எருமைகள் நின்றன. சிறுத்தை அங்கேதான் வந்தது. எருமைகளைப் பார்த்ததும் போய்விட்டது. கொண்டையனின் பெயர் காடு முழுவதும் பரவியது.

மறு வருடம் அடிவாரத்து நாணலேரியில் காட்டுப்பூனை ஒன்று புகுந்தது. தவளை, கொக்கு, நீர்க்கோழி என்று ஏரிக்காரர்கள் எல்லாரும் உதவி கேட்டார்கள். கொண்டையன் நான்கு எருமைகளோடு இறங்கி வந்தது. அங்கும் கரையில் கிடந்த ஒரு மரத்தில் துளை போட்டபடி, எல்லாரிடமும் அதே நான்கு கேள்விகளைக் கேட்டது.

"சத்தம் கேட்டால் ஓடுவாயா?"

"குதிப்பேன். எங்கள் பிறவியே அப்படித்தான்" என்றது தவளை. ஒரு துளை விழுந்தது.

வக்கா என்னும் இராக்கொக்கோ, "இரவில் விழிக்காமல்? எனக்கு மீன் கிடைப்பதே அப்போதுதான். தனியாகவும் போக மாட்டேன், கூட்டமாகத்தான் போவோம். சத்தம் கேட்டால் பறந்துவிடுவேன்" என்றது. மூன்று துளைகள்.

நாணலுக்குள் எட்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது செம்மூக்கி என்ற நீர்க்கோழி. "ஓட மாட்டேன், அண்ணே. இரவில் அசந்து தூங்கிவிடுவேன். தண்ணீரிலேயே இருக்கிறவளுக்குத் தண்ணீருக்குப் போக என்ன தயக்கம்? வயிறுதான் அரை வயிறு" என்றது.

கொண்டையன் பழைய மதிப்பெண்களை அப்படியே போட்டுக் கூட்டியது. வக்காவுக்கு ஆறு. செம்மூக்கிக்குப் பூஜ்யம்.

அருகே வெயில் காய்ந்துகொண்டிருந்த நீர்நாய் கேட்டது. "கொண்டையரே, அந்த மூன்று துளைகளும் இங்கேயும் சேர்ந்துதான் வருகின்றனவா? பார்த்தீரா?"

"அதைத்தான் மலையிலேயே பார்த்தாயிற்றே!" என்றது கொண்டையன்.

எருமைகள் வக்காக்களின் மரத்தடியில் நின்றன. மூன்றாம் நாள் அவற்றின் முதுகு எச்சத்தால் வெள்ளையாகிவிட்டது. ஆனாலும் ஒழுங்காகக் காவல் காத்தன.

நான்காம் நாள் உச்சிவெயிலில் காட்டுப்பூனை வந்தது. நேராக நாணலுக்குள் போனது. செம்மூக்கியைத் தள்ளிவிட்டு ஐந்து முட்டைகளைத் தின்றது. நீர்நாய் போட்ட கூச்சலில் மீதியை விட்டுவிட்டு ஓடியது.

கொண்டையன் பதறிப் பறந்து வந்தது. "ஓட மாட்டேன் என்றாயே! பயமில்லாதவள் என்றல்லவா நினைத்தேன்!"

செம்மூக்கி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "முட்டைகளை விட்டுவிட்டு எப்படி ஓடுவேன், அண்ணே? இத்தனை நாளும் பயத்தில் அசையாமல் கிடந்தேன். இரை தேடக்கூட எழுந்திருக்கவில்லை. அதனால்தான் அரை வயிறு."

 அன்று கொண்டையன் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்காரர்களின் துளைகளை முதலிலிருந்து பார்த்தது. தவளையின் ஓட்டம் எதனோடும் சேரவில்லை. வக்காக்களிடம் மட்டும் மூன்றும் சேர்ந்து வந்தன; அதுவும் பயத்தால் அல்ல, பழக்கத்தால். ஆனால் 'ஓட மாட்டேன்' என்றவர்களெல்லாம் 'அரை வயிறு' என்றும் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் அடைகாப்பவர்கள். மலையில் பூஜ்யம் வாங்கிய கேள்விதான் இங்கே பயத்தைக் காட்டியது!

"எருமைகளே, நாணலுக்குப் போங்கள்!" என்றது கொண்டையன்.

மறுபடி பூனை வந்தது. எருமைகள் ஒருமுறை சீறின. பூனை அதன்பின் அந்த ஏரிப்பக்கமே வரவில்லை. மிஞ்சிய மூன்று முட்டைகளும் பொரிந்தன. போன ஐந்தும் போனவைதான்.

சில நாளில் பனங்காட்டிலிருந்து ஒரு காடை ஓடி வந்தது. "எங்கள் காட்டிலும் காவல் போட வேண்டும். நீங்கள் வந்து சிரமப்பட வேண்டாம், அண்ணே! மதிப்பெண்ணை மட்டும் சொல்லுங்கள், நாங்களே கூட்டிக்கொள்கிறோம்!"

"மலை மதிப்பெண்ணா, ஏரி மதிப்பெண்ணா?" என்று கேட்டது கொண்டையன்.

"இரண்டும் வேறு வேறா?" என்றது காடை.

"கேள்விகளை எடுத்துக்கொண்டு போ. மதிப்பெண் இங்கேயே இருக்கட்டும். உங்கள் ஆட்களிடம் எந்தெந்தத் துளை சேர்ந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கொண்டையனும் கூடவே கிளம்பியது.

ஓரிடத்தில் சரியாக அளந்த அளவுகோலே ஆனாலும், வேறோர் இடத்தில் அதே பொருளைத்தான் அளக்கிறதா என்று சோதித்த பிறகே அதை நம்ப வேண்டும்.