கரடி அணியின் தாள் – கம்ப்யூட்டர் சண்டை

ஒரு காட்டில் ரோபோ போட்டி வைத்தார்கள். சிரிக்காதீர்கள் குழந்தைகளே, காட்டிலும் காலம் மாறும் இல்லையா? முதல் சுற்றுகளில் ஒவ்வோர் அணியும் தன் ரோபோவைத் தனியாக ஓட்டும். இறுதிச் சுற்றிலோ இரண்டிரண்டு அணிகளாகச் சேர்ந்து ஆட வேண்டும். அதனால், எந்த ரோபோ என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்வது எல்லா அணிக்கும் வழக்கம்.

கரடி அணியின் ரோபோ, பழம் பொறுக்கிக் கூடையில் போடுவதில் படு கெட்டி. ஆனால் அதிகப் புள்ளி தரும் கம்பம் ஏறத் தெரியாது. ஏறுகிற கூட்டாளி ஒன்று கிடைத்துவிட்டால், வருஷா வருஷம் கைநழுவுகிற கோப்பை இந்த முறை கரடிக்குத்தான். அந்த நினைப்பிலேயே கரடிக்குத் தூக்கம் போயிருந்தது.

"குறிக்கிற வேலையை என்கிட்டே விடுங்க கரடியண்ணே," என்று அதே அணியின் மயில் கம்ப்யூட்டரைத் திறந்தது. "தாள்ல எழுதுறதெல்லாம் எந்தக் காலம்?"

தாளும் கையுமாக நின்ற அணித்தோழன் ஆடு சிலிர்த்துக்கொண்டது. "சார்ஜ் போச்சுன்னா உன் பெட்டி வெறும் பலகை. தாளுக்கு என்ன கேடு வந்துடும்?"

"உன் வாய்தான் கேடு!"

அந்தப் பக்கமாக வந்த நரி நின்றது. அதன் ரோபோவும் கம்பம் ஏறாது. அதற்கும் ஒரு கூட்டாளி வேண்டும்.

"அடடா, பெரிய விஷயமாச்சே! இதுக்கு முடிவு கட்டாம ஆட்டத்தைப் பார்த்து என்ன புண்ணியம்? ரெண்டு பேரையும் முழுசாப் பேசவிடுங்க அண்ணே. தலைவர்னா அதுதான் அழகு," என்றது. சொல்லிவிட்டு நேரே போய்த் திடலின் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

கரடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாறைமேல் ஏறி நீதிபதி மாதிரி அமர்ந்தது. மயில் பேசியது. ஆடு மறுத்தது. மயில் தோகையை விரித்துக்கொண்டு மறுபடியும் பேசியது.

அந்நேரம் திடலில் உடும்பின் ரோபோ கம்பத்தைக் கவ்விப் பிடித்து, விறுவிறுவென்று உச்சிக்கு ஏறியது. காடே விசிலடித்தது.

கரடி தலையைக்கூடத் திருப்பவில்லை. "யாருப்பா அது சத்தம்? இங்கே முக்கியமான பேச்சு நடக்குதுல்ல?"

முதல் சுற்றுகள் முடிந்தன. கரடி அணிதான் முதலிடம்! நடுவர் யானை கூப்பிட்டது: "முதல்ல தேர்ந்தெடுக்கிற உரிமை உங்களுக்கு. கூட்டாளி யாரு?"

கரடி மயிலின் பக்கம் குனிந்தது. "எது ஏறுது? சீக்கிரம் சொல்லு."

"கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு, அதுக்கெல்லாம் என் கழுத்து நிறத்தையே போட்டிருக்கேன், பாருங்கண்ணே!"

"கட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்லையே?"

"எதுல எழுதுறதுன்னு நீங்க இன்னும் சொல்லலையே!"

கரடி ஆட்டைப் பார்த்தது. ஆடு எதையோ மென்றுகொண்டிருந்தது. "வெறுந்தாள்தானே அண்ணே, பசிச்சுது."

கரடி கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டது. உடும்பின் ரோபோ சேறும் துருவுமாக நின்றது. பக்கத்தில் முயலின் ரோபோ, சிவப்புப் பெயின்ட்டில் பளபளத்தது.

"முயல்!" என்றது கரடி, கம்பீரமாக.

"உடும்பு!" என்றது இரண்டாம் இடத்தில் இருந்த நரி, மூச்சுக்கூட விடாமல்.

இறுதிச் சுற்று. கரடியின் கூடை நிரம்பி வழிந்தது. மணி அடிக்கப்போகிறது. "ம், உன் ரோபோவைக் கம்பத்துல ஏத்து!" என்று கரடி கத்தியது.

முயல் திருதிருவென்று விழித்தது. "ஏத்தணுமா? இது தரையில மட்டுந்தானே ஓடும்! அத்தனை ஆட்டமும் உங்க கண்ணெதிர்லதானே ஓடுச்சு?"

மணி அடித்தது. எதிர்ப்பக்கக் கம்பத்தின் உச்சியில் உடும்பின் ரோபோ தொங்கியது. நரி கோப்பைக்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு யானையிடம் போய்க்கொண்டிருந்தது.

நீதி: எதில் எழுதுவது என்று மல்லுக்கு நிற்பவர், எழுத வேண்டியதைப் பார்க்காமலே விட்டுவிடுவார்.